எதைக் கண்டு பயம்?

மரவேலை பழக வரும் பிள்ளைகள் உளியைக் கண்டு பயந்து நான் பார்த்ததில்லை. தீட்டிய உளி உள்ளங்கையில் இறங்கினால் எலும்பு தெரியும். இருந்தாலும் கொட்டாப்புளியை எடுத்து, பிடியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். அதே பிள்ளைகள், பட்டறையில் யாராவது மரத்தில் ஓரம் எடுக்கும் ரவுட்டர் மெஷினின் சுவிட்சைப் போட்டதும், தங்களை அறியாமல் ஓர் எட்டுப் பின்னால் வைக்கிறார்கள். எங்கள் எழுமலையில் பார்த்திருக்கிறேன். உசிலம்பட்டியிலும் பேரையூரிலும், மதுரைக்குள் இருக்கும் பெரிய பட்டறைகளிலும் பார்த்திருக்கிறேன். சுற்றியிருப்பவர்கள் அந்த ஓர் எட்டைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்திக்கு எட்டும் முன்பே உடம்பு சரியான ஒன்றைச் சொல்லிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

உளி போகும் தூரம் நம் கை போடும் தட்டில் இருக்கிறது. தட்டு நின்றால் உளி நிற்கும். ரவுட்டர் நமக்காகக் காத்திருக்காது. கையடக்கமான டிரிம்மர் மெஷின் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடும். அரை அங்குலத் தண்டு பிடிக்கும் பெரிய மெஷின்கள் 20,000 சுற்றைத் தாண்டும். 25,000 என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 400 சுற்றுக்கும் மேல். மெஷினில் மாட்டும் வெட்டுமுனையைப் பிட்டு என்போம்; இரண்டு வெட்டுவாய் உள்ள பிட்டு ஒரு வினாடியில் 800 தடவைக்கு மேல் மரத்தைக் கடிக்கிறது. 12 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு அப்போது மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால் 230 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெரிய பிட்டு மாட்டும்போது சுற்றைப் பாதி அளவுக்குக் குறைக்கச் சொல்வது இதனால்தான். வீட்டு மிக்ஸியின் பிளேடும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடுவதுதான். காலையில் சட்னி அரைக்கும்போது யாரும் அதற்குப் பயப்படுவதில்லை, மேலே மூடி இருக்கிறது. ரவுட்டர் மூடியில்லாத மிக்ஸி. அதுவும் தலைகீழாக, நம் இரண்டு கைக்கும் நடுவே.

மேற்கே மலை தெரியும் எங்கள் ஊரைச் சுற்றி, வீடு கட்டுகிற எல்லோருக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், சாமி அறைக்கு மணி கோத்த கதவு வேண்டும். முன்பு ஒரு நிலையின் ஓரத்தை வளைத்து எடுக்க, அதற்கென்று வாய் செதுக்கிய சீவுளியை வைத்துக்கொண்டு ஒருவர் அரை நாள் குனிந்து கிடப்பார். இன்று பிட்டை மாட்டி ஓட்டினால் சில நிமிடம். வீட்டுக்காரர் போனில் ஒரு கதவின் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறார். மெஷின் இல்லாமல் அந்த விலைக்கு அதைச் செய்ய முடியாது. அதனால் ஒற்றை ஆள் பட்டறைக்கும் ரவுட்டர் வந்துவிட்டது. பழக்கும் முறைதான் கூடவே வரவில்லை. உளிக்கு ஒரு முறை இருந்தது: முதலில் தீட்டப் பழகு, பிறகு கழிவுக் கட்டையில் துளை எடு, பிறகுதான் சட்டத்தில் கை வை. ரவுட்டருக்கு அட்டைப்பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு கையேடு வருகிறது. அதோடு சரி.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 வகைத் தொழில் செய்வோருக்குக் கடனும், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய் வரை மானியமும் தருகிறார்கள். நல்ல காரியம். அந்தப் பணத்தில் மெஷின் வந்து இறங்குகிற நாளில், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக் கொடுப்பது யார் என்பதுதான் என் கவலை. கருவி வாங்கத் தருகிற பணத்தோடு கை காக்கவும் கற்றுத் தரவேண்டும்.

ஒரு பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். கல்லூரி முடித்து வேலை தேடி அலைந்த பையன் ஒருவன் தாய்மாமனிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தான். இழைப்பான், அறுப்பான், சன்மைக்கா ஒட்டுவான், சுத்தமான கை. ரவுட்டரை எடுத்தால் மட்டும் ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவான். "ஆம்பளப் பிள்ளை, இதுக்குப் போயி பம்முறயே" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். மாமன் சிரிக்கவில்லை. மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தன் மடியில் போட்டுக்கொண்டு, மெஷினை மருமகன் மடியில் வைத்தார்.

"எதுக்குடா பயப்படுற? சொல்லு."

"என்னமோ பயமாத்தான் இருக்கு மாமா."

"என்னமோன்னா நான் அதுக்கு என்ன செய்ய? ஒவ்வொண்ணாச் சொல்லு. சொன்னாத்தான் வழி பாக்க முடியும்."

பையன் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பிட்டு கழண்டு பறந்துருமோன்னு இருக்கு."

மாமன் ஸ்பானரை நீட்டினார். கழற்றச் சொன்னார், மாட்டச் சொன்னார். பையன் தண்டை அடிவரை செருகி நட்டை இறுக்கினான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நட்டை இறுக்கும்போது, பிட்டைப் பிடிக்கும் காலெட் தண்டைக் கவ்விக்கொண்டு துளியூண்டு உள்ளே இழுக்கும். தண்டு ஏற்கெனவே அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போக இடமில்லை; இறுகியது போல் கைக்குத் தோன்றும், முழுதாக இறுகியிருக்காது. அடிவரை செருகிப் பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். தண்டில் முக்கால் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். காலெட்டுக்குள் மரத்தூளும் பிசினும் ஒட்டியிருந்தால் பிடி நழுவும், துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இவ்வளவையும் செய்த பிறகு, காலெட்டின் வாயோரமாகத் தண்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னார். கழிவுக் கட்டையில் தானே கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கோடு நகந்துருக்கா பாரு" என்றார். நகரவில்லை. பையன் முகத்தில் வந்த மாற்றத்தை நான் மறக்கமாட்டேன். இத்தனை நாளும் வயிற்றைப் பிசைந்த ஒன்று, இப்போது ஒரு கோடாக, கண்ணுக்கு முன்னால் இருந்தது. நகர்ந்தால் தெரியும். நகராவிட்டாலும் தெரியும்.

"அப்புறம்?"

"கையை விட்டு இழுத்துட்டு ஓடிருமோன்னு இருக்கு மாமா."

இந்தப் பயம் இன்னும் சரியான பயம். ரவுட்டர் பழகாதவர்களை அதிர வைப்பது பெரும்பாலும் இதுதான். மாமன் ஒரு பலகையைக் கிளாம்பு போட்டு மேசையில் கட்டினார். பிளக்கு வெளியேதான் கிடந்தது. மெஷினைப் பலகை மேல் உட்காரவைத்து, பிட்டின் வாய் பலகையின் ஓரத்தில் படும்படி அழுத்திக்கொண்டு, நட்டைப் பிடித்துக் கையாலேயே மெதுவாகத் திருப்பினார். மேலிருந்து பார்த்தால் பிட்டு கடிகார முள் போகும் பக்கமாகத்தான் சுற்றும். பிட்டு ஓரத்தைக் கவ்வித் தானாக இடப்பக்கம் ஊர்ந்தது. "மரத்துல காலை ஊண்டி நடக்குது பாத்தியா? அது அங்கிட்டு நடக்கத்தான் பாக்கும். நீ இங்கிட்டுத் தள்ளணும்." அதாவது இடமிருந்து வலம். அது நடக்க விரும்பும் பக்கமே நாமும் தள்ளினால் இரண்டு விசையும் சேர்ந்துகொண்டு மெஷின் பாய்ந்துவிடும். எதிர்ப்பக்கம் தள்ளினால் அதன் விசையே நமக்குப் பிடிமானம். வெளி ஓரமோ, கண்ணாடி வைக்கிற சட்டத்தின் உள் ஓரமோ, தள்ளிப் போகிற திசைக்கு மரம் இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கையால் திருப்பிக் காட்டிய அந்த ஒரு நிமிடத்தில் பையன் தெரிந்துகொண்டது, எத்தனை தடவை வாயால் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

சத்தம் பற்றிக் கேட்டான். அந்தச் சத்தமே பாதிப் பயம். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பில்லாமல் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு. ஓடும் ரவுட்டர் அந்த அளவை எளிதில் நெருங்கும். காதில் அடைப்பான் வைத்தால் அலறல் அடங்கும். மெஷின் திணறும்போது மாறுகிற சுருதி அப்போதும் கேட்கும். மரத்தூளைப் பற்றிப் பையன் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. முகக்கவசம் அணியாத பட்டறைகளே இன்றும் அதிகம். சத்தமாக வரும் ஆபத்துக்கு நடுங்குகிறோம். சத்தமில்லாமல் மூக்கில் ஏறுவதைத் தட்டிவிட்டுப் போகிறோம்.

ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கையால் செய்கிற ஒரு காரியத்தைக் காட்டி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கடைசியில் பையன் சொன்னான்: "இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

"அது இருக்கட்டும். அதுவும் போச்சுன்னா எனக்குப் பயம் வந்துரும்."

இந்தப் பதிலைத்தான் நான் பல நாளாக மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கத்தில் பயத்தை விரட்டத் தெரிந்த அளவுக்கு அதை விசாரிக்கத் தெரியாது. வீரத்துக்குப் பேர்போன மண் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டோம். "பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும்போது நாம் தைரியம் கொடுப்பதாக நினைக்கிறோம். கேட்கிறவன் காதில் அது, இதைப் பற்றி இனிப் பேசாதே என்றுதான் விழுகிறது. பயம் அதோடு போய்விடுவதில்லை. வாய்க்கு வராமல் கைக்குப் போகிறது. பயந்த கை மெஷினை இறுக்கிப் பிடிக்கும். இறுகிய கைக்கு மரத்தின் அசைவு தெரியாது. பயந்த கை மெதுவாகத் தள்ளும். மெதுவாகப் போனால் பிட்டு வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். மரத்தின் ஓரம் கருகும், புகை வரும், பிட்டின் வாய் மழுங்கும். மழுங்கிய பிட்டை இன்னும் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அழுத்தும்போது அது துள்ளும். எது நடந்துவிடுமோ என்று பயந்தானோ அதை அவன் பயமே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. கேலி செய்தவர்கள் அப்போதும் அவனைத்தான் குறை சொல்வார்கள்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவர் பேதைமை என்றார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுள்ளவர்களின் தொழில் என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தக் குறளை அவர் வீரத்தைப் பேசும் அதிகாரத்தில் வைக்கவில்லை, அறிவுடைமையில் வைத்தார் என்பதை அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் கவனித்துப் பார்த்தேன். அச்சத்தை அறிவின் வேலையாக அவர் எண்ணியிருக்கிறார். எதைக் கண்டு பயம் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே அறிவு வேண்டும்?

பயம் சுத்தமாக விட்டுப்போன கையைத்தான் நான் இப்போது கவலையோடு பார்க்கிறேன். நன்றாகத் தொழில் தெரிந்த ஆசாரி, பிட்டு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை மட்டும் நிறுத்துகிறார். சதுரகிரி போய்வந்து மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நுனி தொங்கிக்கொண்டிருக்கிறது, கழுத்தில் துண்டு. கையுறை போட்டால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். சுற்றும் பிட்டுக்குக் கையுறையும் ஒரு துணிதான், நூல் மாட்டினால் விரலோடு சேர்த்து இழுக்கும். பழைய வீட்டை இடித்த இடத்தில் வாங்கி வந்த பர்மா தேக்கு உத்திரம் வைரம் போல இருக்கும். உள்ளே நூறு வருட ஆணி ஒன்று முறிந்து கிடக்கலாம். காந்தத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? பிளக்கு இல்லாத வயரின் இரண்டு நுனியையும் துளையில் செருகித் தீக்குச்சியை முட்டுக் கொடுப்பதை இன்றும் பார்க்கலாம். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. மெஷின் விலைக்கு முன்னால் அது பெரிய செலவில்லை.

கரண்ட்டைப் பற்றி இன்னொன்று. இது நம் ஊர்களுக்கே உரிய ஆபத்து. மெஷின் ஓடும்போது கரண்ட் போய்விடும். சுவிட்சு போட்டபடியே மெஷினை மேசையில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கரண்ட் திரும்பி வரும்போது மெஷின் தானாக எழுந்து மேசை மேல் ஓடும். கரண்ட் போன அந்த நொடியில் கை முதலில் சுவிட்சுக்கும் அடுத்து பிளக்குக்கும் போக வேண்டும். அந்தப் பையனுக்கு இது இப்போது பழக்கமாகிவிட்டது. முப்பது வருடம் தொழில் செய்தவர்கள் சிலருக்கு இல்லை.

விபத்து என்று வந்தால், எழுமலையிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அறுந்த விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்துக் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி விரலை நேராகத் தொடக்கூடாது. கை அறுவையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜ சபாபதி நடத்தும் பிரிவும் எத்தனையோ தொழிலாளிகளுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. ஆனால் ரவுட்டர் கத்தி போல ஒரே வெட்டாக வெட்டுவதில்லை. சதையைச் சிதைத்து எடுக்கிறது. சேர்த்துத் தைக்க மிச்சம் இருக்க வேண்டுமே. மருத்துவரின் திறமையை நம்பி எடுக்கக்கூடிய ஆபத்தல்ல இது.

மாமன் விட்டுவைக்கச் சொன்ன அந்த மிச்சப் பயம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். பையன் இன்று ரவுட்டர் ஓட்டுகிறான். 10 மில்லிமீட்டர் ஆழம் வேண்டுமென்றால் மூன்று தடவையாக இறக்குகிறான். பலகையின் குறுக்கு ஓரத்தை முதலில் எடுத்துவிட்டு நீள ஓரத்துக்கு வருகிறான், முனை சிதறினாலும் நீள வெட்டில் அது போய்விடும் என்பதால். கையளவு சிறிய துண்டை அவன் ரவுட்டருக்குக் கொடுப்பதில்லை. பெரிய பலகையிலேயே ஓரம் எடுத்துவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்கிறான். சுவிட்சைப் போடுமுன் ஒருமுறை மணிக்கட்டைப் பார்க்கிறான், வயர் கிடக்கும் பக்கத்தைப் பார்க்கிறான். பயம் இல்லாதவன் இவ்வளவு செய்வானா? தெரியாத வரைக்கும் அடிவயிற்றில் சுருண்டு கிடந்தது, தெரியத் தெரியக் கண்ணுக்கு ஏறி, விரல் நுனிக்கு வந்துவிட்டது. கவனம் என்று நாம் மெச்சுவது வேறு எங்கிருந்தும் வந்த புதுச் சரக்கு இல்லை. அன்று ஓர் எட்டுப் பின்னால் வைத்ததே, அதே பயம்தான் இன்று மரத்தைப் பார்த்து நிற்கிறது. அன்று அதை விரட்டியிருந்தால், இன்று அவன் விரல்களுக்குக் காவல் இருந்திருக்காது.

மெஷினுக்கு மட்டும் பொருந்துவதாக எனக்கு இது தோன்றவில்லை. முதன்முதலாக வெளியூர் வேலைக்குப் போகிற பெண்ணிடமும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு வந்த அப்பாவிடமும் நாம் சொல்வது அதே "பயப்படாதே"தான். ஒவ்வொண்ணாச் சொல்லு என்று கேட்டு, கேட்டதற்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வழி பார்ப்பதற்கு ஒரு மத்தியானம் ஆகும். அந்த மத்தியானத்தைக் கொடுக்க நமக்கு மனமில்லாதபோதுதான் தைரியத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

சமீபத்தில் அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டு, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வந்து இறங்கியிருந்தார் மாமன். மறுநாள் அதிகாலை ஒரு வீட்டுக்கு நிலை வைக்க நேரம் குறித்திருந்தார்கள். வேங்கை மரத்து நிலை, ஒரு பக்கம் ஓரம் எடுக்க வேண்டியது பாக்கி. பையன் வேறு வேலையில் இருந்தான். மாமன் மெஷினை எடுத்தார். பையன் எழுந்து வந்து பிளக்கு மேல் கையை வைத்துக்கொண்டான். "ராத்திரி தூங்கல நீங்க. இன்னைக்கு வேணாம் மாமா. நீங்க படுங்க, நான் எடுத்துர்றேன்." அவர் மருமகனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெஷினை அவனிடம் கொடுத்துவிட்டு, பிட்டின் தண்டில் கோடு போட்டிருக்கிறதா என்று கேட்டார். அவன் மார்க்கரைத் தேடத் தொடங்கினான்.